வாத்தியார் வீட்டுக்கு ஒரு கோல் எடு

பாண்டிருப்பு,
புதன் இரவு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுறன். உன்ட அம்மாட முழங்கால் நோவு இப்ப பரவாயில்லை. தீப்பள்ளயத் திருவிழாவுக்கு நோவோட நடக்க வேணாம் எண்டு நான் சொன்னன். என்ட சொல்லை அவ எப்ப கேட்டவ? முதல் ஆளா நிண்டா. மறுகா ரெண்டு நாள் எண்ணெய் பூசினது மாமிதான்.

நீ கராத்தேக் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு நிக்கிற படம் கிடைச்சது. மாமி அதைத் தெருவில மூண்டு வீட்டுக்குக் காட்டி முடிச்சிட்டா. எனக்கும் சந்தோசம்தான், மகன். ஆனா நான் முதல்ல பார்த்தது உன்ட காலை. வலக்கால் பெருவிரல் இன்னும் வெளிய கிறுகித்தான் நிக்கிது. எட்டு வயசில இருந்து உனக்கு அந்தப் பழக்கம். சிலம்படி வாத்தியார் இருந்திருந்தா பொல்லால ஒரு தட்டு விழுந்திருக்கும்.

படத்துக்குக் கீழ எழுதினதையும் வாசிச்சன். டோகா மாஸ்டருக்கு நன்றி, கூடப் பழகின பிலிப்பைன்ஸ் பொடியனுக்கு நன்றி, சப்பாத்துக்கடைக்காரனுக்கும் நன்றி. மருதமுனை வாத்தியார்ட பேரைக் காணல்ல. அடுத்த நாளே குரல் பதிவு அனுப்புறாய்: ஏழு வருசமா மரவேலைப் பட்டறையில ஒருத்தனும் 'நல்லாச் செய்தாய்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல, விட்டிட்டு வரப் போறன் எண்டு. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தியா? உனக்கு வராத நன்றிக்கு அழுறாய். நீ குடுக்க வேண்டியது அயத்துப் போச்சு.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சொல்றன். அந்த மனிசன் பகல் முழுக்கத் தறியில. குழிக்குள்ள கால் மிதியை மாத்தி மாத்தி மிதிக்கும், மேல கை நாடாவை எறியும். அஸர் தொழுதிட்டு வந்து முத்தத்தில சீனடியும் சிலம்படியும் பழக்குவார். பாவில ஒரு இழை அறுந்தா அந்த இடத்திலயே தறியை நிப்பாட்டி முடிச்சுப் போடுவார். பிறகு பார்ப்பம் எண்டு விட்டா, அந்தக் கோடு துணி முடியுமட்டும் ஓடும். எங்கட காலடியையும் அப்படித்தான் பிடிச்சார். முதல் மூண்டு மாசம் பொல்லே தரல்ல. சலாம் வரிசையும் நடையும் மட்டும். நான் ஒரு நாள் களவாப் பொல்லை எடுத்துச் சுத்தப் போய்க் கூரை ஓடு ரெண்டு உடைஞ்சது. ஏசல்ல. அடுத்த நாள் என்னையே ஏத்தி ஓடு மாத்த வைச்சார். ஓடாவியா நான் முதன்முதல் கூரை ஏறினது அங்கதான், அந்தக் கணக்கில அவர் எனக்குத் தொழில் வாத்தியாரும்தான்.

1990 இல தமிழ்-முஸ்லிம் சண்டைக்குள்ள எங்கட ஊருக்கும் அவங்கட ஊருக்கும் நடுவில கிடந்த தெரு கடல் மாதிரி அகண்டு போச்சு. நாலு வருசம் நான் அந்தப் பக்கம் போகல்ல. முதல்ல பயம். பயம் போன பிறகு வெக்கம். கடைசியில கல்முனைச் சந்தையில ஆளை நேருக்கு நேர் கண்டன். சுகம் கேட்கல்ல, ஏன் வரல்ல எண்டும் கேட்கல்ல. காலைப் பார்த்திட்டு, "நடை பழகிறதில்லையோ?" எண்டார். நான் அண்டைக்குப் பின்னேரமே போனன்.

2004 மார்கழி 26 கடல் வந்து தறியைக் கொண்டு போச்சு. முகாமில தேடிப் போகேக்க மனிசன் எங்கயோ ஒதுங்கின பிரம்பொண்டை நெருப்பில வாட்டி நிமித்திக்கொண்டு இருந்தார். அதுக்குப் பிறகுதான் உன்னை அவர்ட்டக் கூட்டிப் போனன். உன்ட முதல் பொல்லு அந்தப் பிரம்புதான். அது இப்ப எங்க, சொல்லு பார்ப்பம்? எங்கட அலுமாரிக்குப் பின்னால.

வேலையைச் சுத்தமாச் செய்தாக் காணும், அதுதான் அவருக்கு நான் செய்யிற நன்றி எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். அவர்ட புது வீட்டுக்குக் கதவு, நிலை எல்லாம் காசு வாங்காமச் செய்து குடுத்தன். வாயால ஒரு நாளும் சொல்லல்ல. அவர்ட மையத்து வீட்டில, நான் போட்ட அந்த நிலையில சாஞ்சு நிக்கேக்கதான் சொல்ல வேணும் போல வந்தது. ஆருக்குச் சொல்ல?

நீ விட்டிட்டுப் போன கராத்தேப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் புள்ள தமிழில சொல்லித் தாறாள், உயர்தரம் படிக்கிறவள். ஃபுனாகோஷி எண்ட மனிசன், 1868 இல ஒக்கினாவாவில பிறந்தவராம். பகலில பள்ளிக்கூட வாத்தியார். இரவில லாம்பைப் பிடிச்சுக்கொண்டு அசாத்தோ எண்ட குருவிட வீட்டுக்கு நடை. குரு ஒரே கட்டாவை, அதாவது ஒரே அடிவரிசையை, மாசக்கணக்கில செய்விப்பாராம். இருந்து பார்த்துக்கொண்டு 'இன்னொருக்கா' எண்டுறது மட்டும்தான். பெரிய பாராட்டெண்டா 'நல்லது', அதோட சரி. 1922 இல தோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டு போகேக்க வயசு 53, கையில காசில்லை. ஒக்கினாவாப் பொடியனுகள் தங்கின விடுதியில காவல் இருந்து, அறை கூட்டி, தோட்டம் பார்த்துக்கொண்டு, அங்கயே படிப்பிச்சிருக்கிறார். பிறகு மாணவர்கள் காசு சேர்த்துக் கட்டிக் குடுத்த சோத்தோக்கான் பயிற்சிக்கூடம் 1945 இல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சாம். சோத்தோ எண்டா பைன் மரத்தில காத்து அலை மாதிரி இரையிறதாம். அவர் கவிதை எழுத வைச்ச பேர். கடற்கரைச் சவுக்குக்குக் கீழ நிண்டா எனக்கு இப்ப அந்தப் பேர்தான் ஞாபகம் வருது. "அறை கூட்டினதுக்கு ஆரும் நன்றி சொன்னதாப் போட்டிருக்கா?" எண்டு கேட்டன். புள்ள பக்கத்தைப் பிரட்டிப் பார்த்திட்டுச் சிரிச்சாள்.

வேலையை விடாத எண்டு நான் சொல்லல்ல. சம்பளம் காணாதெண்டா வா, உடம்புக்கு ஏலாதெண்டா வா, அம்மாவைப் பார்க்க வேணும் எண்டா நாளைக்கே வா. ஆரும் முதுகில தட்டல்ல எண்டு மட்டும் வராத. அப்படி வந்தா இஞ்சயும் தட்ட ஆளில்லை; என்னைத் தெரியும்தானே உனக்கு. சரி, இதையும் எழுதிப் போடுறன், பிறகு மையத்து வீட்டில நிண்டு யோசிக்கிற வேலை வேணாம். போன விடுமுறையில நீ மாமிட குசினிக்குச் செய்து போட்ட அலுமாரிக் கதவு, இந்த மாரி ஈரத்திலயும் இறுகல்ல. நல்ல வேலை. எனக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

வாத்தியார்ட மனிசி, ராத்தா, மகள் வீட்டில இருக்கிறா. போன கிழமை போனன். உன்ட படத்தைக் காட்டினன். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக் கனநேரம் பார்த்திட்டு, "பட்டியை யார் கட்டிக் குடுத்த?" எண்டு கேட்டா. அவவுக்குக் கோல் எடு. நம்பர் அம்மாட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை எடுக்காத, பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்து வீடு இரைச்சல். சனி பின்னேரம் எங்கட நாலு மணிக்கு எடு. காது கொஞ்சம் மந்தம், சத்தமாக் கதை. பேரைச் சொன்னாப் பிடிபடாது. 'ஓடாவிட மருமகன், கால் கிறுகினவன்' எண்டு சொல்லு.

இப்படிக்கு,
மாமா