பசிக்கு முன்னே ஒரு பேரீத்தம்பழம்

பிள்ளைகள் வயிறார உண்பதைக் கண்டு மனம் நிறைவது தாய்மாரின் இயல்பு. எவ்வளவு உண்டான் என்று கேட்போம். இன்னும் ஒரு கரண்டி வைப்போம். எதை உண்டான், எந்த நேரத்தில் உண்டான் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டும் பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்கத் தொடங்கியது எப்படி என்பதை நம் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

என் மூத்த மகன் சென்னையில் கணினித் துறையில் வேலை பார்க்கிறான். வயது இருபத்தேழு. பகலெல்லாம் நாற்காலியில் இருப்பவன், ஓய்வு நாள்களில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவான். ‘பிரெவே’ என்று ஒருவகை ஓட்டம் இருக்கிறதாம். அது பந்தயமன்று; முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. குறித்த தொலைவைக் குறித்த நேரத்துக்குள் கடந்தால் போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. பின்னால் ஒரு காரில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு யாரும் தொடரக்கூடாது என்பது இதன் விதி. தனக்கு வேண்டியதைத் தானே சுமக்க வேண்டும்; இல்லையேல் வழியில் வாங்கிக்கொள்ள வேண்டும். தாயின் கை எட்டாத இடத்தில் பிள்ளை உண்ணப்போகிறான் என்பதுதான் இதில் எனக்கு உறைத்த செய்தி.

2024 பிப்ரவரியில் அவன் முதன்முறையாக 300 கிலோமீட்டர் புறப்பட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி சென்று திரும்புவது வழி. அதிகாலை இரண்டு இட்லி. ஆறு மணிக்குப் புறப்பாடு. உற்சாகத்தில் வழியில் எதுவும் உண்ணவில்லை. பகல் ஒரு மணிக்குப் புதுச்சேரி சேர்ந்ததும், பசித்த வயிற்றுக்கு ஒரு முழுத் தட்டு பிரியாணி. மாலை நான்கு மணியளவில் மரக்காணம் பக்கத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

“உம்மா, நான் இங்கே ஏன் நிற்கிறேன்னே தெரியல்லை” என்றான். குரல் குழறியது. வெயிலில் நிற்பவன் குளிர்கிறது என்றான். காரணமின்றி அழுகையும் வருகிறதாம்.

அந்தக் குரல் எனக்குப் புதிதன்று. என் கணவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரை போட்டுக்கொண்டு உணவு தாமதமான ஒரு நாளில் அவரும் இப்படித்தான் பேசினார். ஆகவே, “மற்றதெல்லாம் பிறகு பேசலாம் வாப்பா, பக்கத்துத் தேநீர்க்கடையில் சர்க்கரை அதிகம் போட்டு ஒரு தேநீர் வாங்கிக் குடி, இரண்டு வாழைப்பழம் தின்னு, சாலையோரத்தில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்” என்றேன். அரை மணி கழித்து அவனே அழைத்தான். குரல் தெளிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அன்று மிதிவண்டியை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வேகமாக லாரிகள் ஓடும் சாலையில் அந்த நிலையோடு இன்னும் ஒரு மைல் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பல இரவுகள் உறங்கவில்லை. ‘இனி மிதிவண்டியே வேண்டாம்’ என்றார் என் கணவர். மகன் பதில் பேசவில்லை. வீட்டில் ஒரு வாரம் மௌனம் நிலவியது.

என் தங்கை மகள் உணவியல் படித்தவள். அவள் வந்துதான் அந்த மௌனத்தைக் கலைத்தாள். மிதிவண்டி மீது குற்றமில்லை, பெரியம்மா. எரிபொருள் தீர்ந்துவிட்டது, அவ்வளவே என்றாள். நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவு. மொத்தம் சுமார் 2000 கலோரி. மிதிவண்டி ஓட்டுபவருக்கு, எடையையும் வேகத்தையும் பொறுத்து, மணிக்கு 400 முதல் 600 கலோரி வரை செலவாகிறது. கொழுப்பு எவ்வளவோ இருப்பில் இருந்தாலும் அது மெல்லத்தான் எரியும். கிளைக்கோஜன் தீர்ந்து இரத்தத்தில் சர்க்கரையும் இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளை.

1967-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதை நிலைமிதிவண்டியில் வைத்தே சோதித்துப் பார்த்தார்களாம். சில நாள்கள் கொழுப்பும் புரதமும் மட்டுமே மிகுதியாக உண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் களைத்துவிட்டார்கள். எல்லாம் கலந்து உண்டவர்கள் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகத் தாக்குப்பிடித்தார்கள். மாவுச்சத்து மிகுதியாக உண்டவர்களோ இரண்டே முக்கால் மணி நேரம் மிதித்தார்கள். நாம் ‘வெறும் சோறு’ என்று இகழ்வதன் மதிப்பு இது.

பிரியாணியின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நெய்யும் இறைச்சியும் கலந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். மணிக்கணக்கில் கால்களுக்கு இரத்தம் ஓட வேண்டிய வேளையில் வயிற்றுக்கும் அதே வேலையைக் கொடுத்தால் இரண்டும் நடப்பதில்லை. ஏழு மணி நேரப் பட்டினிக்குப் பிறகு ஒரே வேளையில் ஈடுகட்ட முடியாது என்பதை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, சிறிது சிறிதாக, பசி எடுக்கும் முன்பே. மிக நீண்ட ஓட்டங்களில், குளுக்கோஸும் பழச்சர்க்கரையும் கலந்து உண்ணப் பழகிய வயிறு 90 கிராம் வரைகூட ஏற்குமாம். இரண்டும் குடலில் வேறு வேறு வாயில்கள் வழியே உள்ளே செல்கின்றன என்பதே காரணம்.

அந்த இரு சர்க்கரையும் கலந்த பொருள் எங்கே கிடைக்கும் என்று மகன் கேட்டான். நான் அலமாரியைத் திறந்து பேரீத்தம்பழப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நூறு கிராம் பழத்தில் முக்கால் பங்கு மாவுச்சத்துதான். சாதாரண அளவுப் பழம் மூன்றில் சுமார் 18 கிராம் இருக்கும்.

அவன் அதுவரை வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுப் பொட்டலங்களையும் அன்று எடுத்துப் பார்த்தோம். மிட்டாய் போல மென்று தின்னும் ஒருவகையில் ‘ஜெலட்டின்’ சேர்ந்திருப்பதாக உறையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. பிள்ளைகள் விளையாட்டு உணவு என்று வாங்கிவரும் பொட்டலங்களைத் தாய்மார்கள் ஒருமுறை திருப்பிப் படித்துவிடுவது நல்லது. மரப்பண்டங்களிலிருந்து வரும் ‘பெக்டின்’ சேர்த்துச் செய்தவையும் கடைகளில் உண்டு.

பழைய காலத்து ஆண்கள் இவ்வளவு கணக்கா பார்த்தார்கள் என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. என் மாமனார் அறுபதுகளில் கீழக்கரையிலிருந்து மிதிவண்டியின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏர்வாடி, சிக்கல், சாயல்குடிப் பக்கத்து ஊர்களுக்கு வியாபாரத்துக்குப் போனவர். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் மிதிப்பார். விடியலில் பழைய சோறும் சுட்ட கருவாடும். துண்டின் முனையில் ஒரு கருப்பட்டித் துண்டு முடிந்திருக்கும். பனங்காட்டு வழியில் பருவ காலத்தில் புளிக்காத பதநீர் கிடைக்கும். வீட்டுக்கு வீடு இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துப் பேசிவிட்டுத்தான் அடுத்த தெரு. மெதுவாக மிதித்ததால் உடம்பின் கொழுப்பே பெரும்பாலும் எரிந்தது. நின்று நின்று போனதால் சிறுகச் சிறுக உள்ளேயும் சென்றது. அவருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் அவர் துண்டிலும் வழியிலும் இருந்தன. இதைக் கேட்ட பிறகு என் கணவரின் எதிர்ப்பு பாதி குறைந்தது என்றே சொல்ல வேண்டும். தம் தகப்பனாரின் மிதிவண்டியை யார்தான் குறை சொல்வார்?

அதன்பின் பல மாதங்கள் எங்கள் அடுப்படியே சோதனைக்கூடமாயிற்று. புதிய உணவு எதையும் பெரிய ஓட்டத்தன்று முதன்முதலாக உண்ணக்கூடாது. சிறிய ஓட்டங்களில் வயிற்றைப் பழக்க வேண்டும். முந்தின இரண்டு நாளும் சோற்றின் அளவைக் கூட்டி எண்ணெயைக் குறைத்தேன். புறப்படும் அன்று விடியலில் இடியாப்பமும் சர்க்கரையும், ஒரு வாழைப்பழமும். தேங்காய்ப்பால் வேண்டுமென்று அவன் கேட்டான். மாலையில் தருகிறேன் என்றேன். கைப்பிடியில் மாட்டும் சிறு பையில் கொட்டை நீக்கிய பேரீத்தம்பழமும் கடலை மிட்டாயும். எட்டு மணி நேரம் இனிப்பே தின்றால் நாக்கு வெறுத்துவிடும் என்பதை அவன் வந்து சொன்னான். எனவே உப்பிட்டு அவித்த சிறு உருளைக்கிழங்குகளைச் சேர்த்தேன். எல்லாவற்றிலும் அவனுக்குப் பிடித்தது அதுதான்! சோற்று உருண்டை கட்டிக் கொடுக்க எண்ணி, விட்டுவிட்டேன். நம் வெப்பத்தில் ஆக்கிய சோறு பையில் பல மணி நேரம் கிடந்தால் கெட்டு வயிற்றைப் புரட்டிவிடும்.

நீரின் செய்தி தனி. ஒரு புட்டியில் வெறும் தண்ணீர். மற்றொன்றில், ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கிறோமே, அதே அளவு. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது; ஆளுக்கு ஆள் இது மாறும். வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே இளநீர் குடித்தாலும் உப்பு வேறு வேண்டும்.

நோன்பு மாதத்தில் நெடிய ஓட்டம் எதுவும் இல்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். நோன்பு திறக்க முக்கால் மணி இருக்கையில் நிதானமாக ஒரு சிறு சுற்று. வீடு திரும்பியதும் பேரீத்தம்பழமும் தண்ணீரும் காத்திருக்கும். அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் அதே 300 கிலோமீட்டருக்கு அவன் மறுபடி புறப்பட்டான். கைக்கடிகாரம் அரை மணிக்கு ஒருமுறை ஒலி எழுப்ப, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு கைப்பிடி வாயில் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். புதுச்சேரியில் பிரியாணிக் கடையைக் கடந்து போய் மூன்று இட்லி தின்றானாம். மரக்காணத்தில் அந்தத் தேநீர்க்கடைக்காரரை நின்று பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நள்ளிரவு பன்னிரண்டேகால் மணிக்கு முடித்தான். கெடு முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் மீதி.

வீடு வந்தவனுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், அவன் கேட்ட தேங்காய்ப்பால். மாவுச்சத்து, புரதம், உப்பு, நீர் ஆகிய நான்கும் ஒரே கோப்பையில். இரண்டு கோப்பை குடித்துவிட்டு, பிரான்சில் பாரிஸிலிருந்து பிரெஸ்டு சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். 1891-இல் தொடங்கியதாம், இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேரக் கெடு. வழியிலுள்ள சிற்றூர் மக்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, முன்பின் அறியாதவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொடுப்பார்களாம். 2027-இல் அடுத்தது. அதற்கு 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும்.

என் கணவர் இதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். 400 என்றால் இரவு முழுதும் மிதிக்க வேண்டுமே, ஸஹர் நேரத்துக்கு இவனுக்கு என்ன கட்டிக் கொடுப்பாய் என்று என்னைக் கேட்டார்.