கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் அந்தக் குடும்பத்தின் தோப்பில் பாதிக்கு மேல் தென்னைகள் சாய்ந்துபோயின. வீட்டு வாசலில் நின்ற ஒரு மரம் மட்டும் எப்படியோ தப்பியது. அதன்பிறகு எல்லாவற்றுக்கும் அந்த மரத்தடிதான். காலையில் பால் கறந்ததும் பசுவைக் கட்டுவது அங்கே. பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் போகிறவர்களைத் துரத்துகிறது என்று நாய் மணியையும் பகலில் அங்கேதான் இரும்புச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள்.

ஒரு புரட்டாசி மாதம், பசுவின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் இரண்டு மூன்று கதண்டுகள் வந்து உட்காரத் தொடங்கின. மணிக்கு வைத்த மீன் குழம்புச் சோற்றையும் மொய்த்தன. அந்த வீட்டு மாமியார் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு வருதுன்னா பக்கத்துலதான் கூடு வச்சிருக்கும். என்னன்னு பாருங்கப்பா" என்றார். மகனுக்கு உரம் வாங்கப் போகிற அவசரம். மருமகளுக்கு நடவு வேலை. யாரும் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பிற்பகல், மழைக்கு முன்னே காற்று கிளம்பியது. காய்ந்த மட்டை ஒன்று மரத்திலிருந்து கழன்று, கீழ் மட்டைகளுக்கு நடுவே பானை அளவுக்குத் தொங்கிய கூட்டின்மேல் மோதி விழுந்தது. அடுத்த நொடியே வாசல் முழுக்கக் கதண்டு. திண்ணையில் இருந்தவர்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்கள். பசு நாலைந்து கொட்டு வாங்கியதும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடிவிட்டது. மணியின் இரும்புச் சங்கிலி அறுபடவில்லை.

அது கத்துவதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்க அந்த வீட்டு மருமகளால் முடியவில்லை. கட்டிப்போட்டது அவர் கைதான். போர்வையைத் தண்ணீரில் முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டு வெளியே ஓடினார். சங்கிலிக் கொக்கி துருப்பிடித்திருந்தது. அதைக் கழற்றுவதற்குள் அவருக்குக் கையிலும் கழுத்திலுமாக ஏழு கொட்டு. அவிழ்ந்ததும் மணி வாய்க்காலைப் பார்த்து ஓடியது.

கொஞ்ச நேரத்தில் மணியின் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. வாயில் எச்சில் ஒழுகியது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு நிற்க முடியாமல் படுத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். "சுண்ணாம்பு தடவு" என்றார் ஒருவர். "காய்ச்சல் மாத்திரையைப் பொடிச்சுப் பால்ல குடு" என்றார் இன்னொருவர். மாமியார் மட்டும், "ஒண்ணும் குடுக்காதீங்க. வண்டியைக் கூப்புடுங்க" என்றார். பக்கத்து வீட்டுக் குட்டியானையில் மணியை ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார் மகன். மருமகளை உறவினர் ஒருவர் பைக்கில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

மருத்துவர் முதலில் மணியின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது. ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார். தேனீ கொட்டினால் கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போகும். கதண்டும் குளவியும் அப்படியல்ல. ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை நசுக்கினால், அதிலிருந்து வரும் வாசனை மற்றவற்றையும் அழைத்து வந்துவிடும். ஓட முடியாத உயிரிடம் அவை மாட்டினால் கொட்டு எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு மருத்துவர் கேட்டார்: "மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?" இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். மனிதர்களுக்கான பாராசிட்டமால் நாய்க்குக் கெடுதல் செய்யும். பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

"முகம் வீங்கினதைவிட இனிமேல் வர்றதைத்தான் பாக்கணும். நிறைய கொட்டு வாங்கின உடம்புல விஷம் ரத்தத்தையும் தசையையும் கெடுத்து, அது சிறுநீரகத்துல போய் நிக்கும். மூணு நாளைக்கு மூத்திரம் என்ன நிறத்துல போகுதுன்னு பாருங்க. கறுப்பா, காப்பி நிறத்துல போனா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் மாலை அப்படித்தான் போனது. மருத்துவர் சொல்லியிருக்காவிட்டால் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எழுந்து நடக்கிறதே, சோறு தின்கிறதே என்று விட்டிருப்பார்கள். மீண்டும் கொண்டு போய் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியபிறகுதான் மணி பழையபடி வாலாட்டியது. பசுவுக்கு மடியிலும் கண் ஓரத்திலும் வீக்கம். 1962-க்கு போன் செய்து, நடமாடும் கால்நடை ஊர்தியில் வந்தவர்கள் அதற்கு ஊசி போட்டார்கள்.

மருமகள் வீடு திரும்பிய அன்றே கணவர் மண்ணெண்ணெயும் பந்தமும் எடுத்துவிட்டார். "இன்னைக்கு அதைக் கொளுத்தாம விடமாட்டேன்" என்றார். "ஏங்க, மரத்துல பாதி ஏறினப்ப கலைஞ்சு வந்தா எங்க ஓடுவீங்க? மணியாவது தரையில நின்னுச்சு" என்றார் மனைவி. அதற்குப் பதில் இல்லை. பூச்சி மருந்தை அடிக்கலாமா என்று அடுத்த யோசனை வந்தது. அதற்கும் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து பட்ட புழு கீழே விழும், அதைக் கோழி கொத்தும், தொட்டித் தண்ணீரில் சொட்டும், அதைப் பசு குடிக்கும்.

கடைசியில் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னார்கள். இருட்டியபிறகு வந்தார்கள். பகலில் வெளியே திரியும் கதண்டு ராத்திரியில் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் என்பதால் அந்த நேரம். அவர்கள் வருவதற்கு முன்பே மாடு, நாய், கோழி எல்லாம் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டன. பாதுகாப்பு உடை போட்டவர்கள் கூட்டை அழித்துவிட்டு, "தப்பினது ஒண்ணு ரெண்டு இதே எடத்தைச் சுத்திக்கிட்டு இருக்கும். சில நாளைக்கு இங்க எதையும் கட்டாதீங்க" என்று சொல்லிப் போனார்கள். விடிந்ததும் கீழே கிடந்த கூட்டுத் துண்டையும் புழுவையும் கோழி கொத்துவதற்கு முன் கூட்டி அள்ளிக் குழியில் புதைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. கணவர் கையில் துடைப்பத்தோடு வீட்டைச் சுற்றிவந்தார். மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் மண்ணால் கட்டிய கூடு, சன்னல் மேலே தாமரைக் காய் போலத் தொங்கும் சின்னக் கூடு, எல்லாவற்றையும் இடித்துவிடுவதாக இருந்தார். மனைவி தடுத்தார். மண்கூடு கட்டும் வேட்டைக் குளவி கூட்டமாக வாழாது. தன் குஞ்சுக்குப் புழுவையோ சிலந்தியையோ பிடித்துவந்து அடைப்பதுதான் அதன் வேலை. கையில் பிடித்தாலொழிய அது யாரையும் கொட்டுவது அபூர்வம்.

குளவி இனம் விவசாயிக்குப் புதிதும் அல்ல. நெல்லில் குருத்துப்பூச்சிக்கு ஏக்கருக்கு 2 சி.சி. என்று கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டிக் குளவிதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை மாவுப்பூச்சி வெள்ளையடித்த காலத்தில், 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. மருந்தால் ஆகாததை அவை செய்தன. "கெட்டது கூடு இல்லைங்க. நாம கட்டிப்போட்ட எடம்தான் கெட்டது" என்றார் அந்த மனைவி.

சன்னல் மேலிருந்த சின்னக் கூட்டை மட்டும் அப்படி விட முடியவில்லை. அது கூட்டமாக வாழும் ஜாதி. பேரப்பிள்ளை கை எட்டும் உயரம். ஆள் போகாத தோப்பு மூலையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். வாசலில் இருந்ததால், விவரம் தெரிந்த ஆளை வைத்து ராத்திரியில் எடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து தை, மாசியிலேயே கொட்டகை உத்தரத்தையும் கூரை ஓரத்தையும் பார்த்துவிடுகிறார்கள். காசு அளவில் கூடு தொடங்கும்போதே தெரிந்துவிட்டால் வேலை சுலபம். மீன் கழிவும் அழுகிய கொய்யாவும் இப்போது வாசலில் கிடப்பதில்லை. நாய்ச் சட்டியைத் தின்று முடித்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். தேங்காய் பறிக்க ஆள் வந்தால், மரம் ஏறும் முன் வீட்டுக்காரர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொல்கிறார்.

மணிக்கு இப்போது சங்கிலி இல்லை. கொட்டகை ஓரமாகக் கம்பிவலை அடித்து, நாலு எட்டு நடக்கிற அளவுக்கு ஒரு அடைப்பு. பகலில் அதற்குள்தான். ஒரு மூலையில் நுழைந்து ஒளிந்துகொள்ள மரப்பெட்டி. தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரே இழுப்பில் திறக்கலாம். பசுவின் கயிற்றிலும், நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சுத்தான்.

அந்த ஊரில் இப்போது யார் வீட்டில் கூடு தெரிந்தாலும் இவரிடம் கேட்கிறார்கள். "நீங்க பண்ணின மாதிரி போர்வையை நனைச்சுப் போத்திக்கிட்டுப் போனா போதுமா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். "அப்படிப் போகவே போகாதே. எனக்கு மூச்சு முட்டாம இருந்தது என் நல்ல நேரம்னு டாக்டர் திட்டினாரு. கொட்டினவங்களுக்கு முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்புடு. நீ ஓடிப்போய் அவுக்கிற நெலமையே வரக்கூடாது. கட்டுறதுக்கு முன்னாடி மேல ஒருதடவ பாத்துடு" என்றார்.

வாசல் தென்னை இன்னும் காய்க்கிறது. அதன் அடியில் எதையும் கட்டுவதில்லை.