கரிய திரையில் கண்ட தமிழ்

எம் ஆய்வியல் நிறைஞர் ஆய்வேடு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றியது. 5,027 செய்யுள்களையும் பன்முறை பயின்று, அரபு நாட்டிற்குப் புலவர் தமிழகத்து மருத வளத்தைச் சூட்டிய திறத்தை ஆராய்ந்தோம். 2004ஆம் ஆண்டில் விழுப்புரத்துக் கணினி அச்சுக் கடையொன்றில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடச் செய்து, குறுந்தகட்டிலும் பெற்றுக்கொண்டோம். கட்டடம் செய்த படியைப் பின்னொருநாள் மழைநீர் கொண்டது. எஞ்சியது குறுந்தகடே.

அண்மையில் அதனைத் துறைக் கணினியில் திறந்தபோது திகைத்தோம். ‘தமிழ்’ என்னும் சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன! பாமினி, ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. அதனை நிறுவினால் ஏட்டைப் படிக்கலாம். ஆயினும் தமிழ்ச் சொல்லாகத் தேடவோ கைப்பேசியில் அனுப்பவோ இயலாது. 2010இல் தமிழக அரசும் தரமாக ஏற்ற ஒருங்குறிக்கு மாற்றியே தீரவேண்டும்.

திண்டிவனத்திலிருந்து தொடர்வண்டியில் வரும் கணினி அறிவியல் மாணவர் ஒருவர் உதவ முன்வந்தார். விழுப்புரத்தில் இயங்கிவரும் குனு/லினக்ஸ் பயனர் குழுவினரிடம் கட்டற்ற மென்பொருள் பயின்றவர் அவர். துறைக் கணினியில் உபுண்டு இருந்தது. “சுட்டி வேண்டாம் ஐயா” என்று கூறிக் கரிய திரையொன்றைத் திறந்தார். கட்டளைகளைச் சொற்களாகவே எழுதவேண்டுமாம். தமிழாசிரியருக்கு உவப்பான செய்தி.

பிஸ்மில்லாஹ் கூறிக் கடவுச்சொல்லைத் தட்டினோம். திரையில் ஒரு புள்ளியும் தோன்றவில்லை. விசைப்பலகை பழுதென்றே எண்ணினோம். மறைவாக ஏற்பதே அதன் இயல்பென்றார் மாணவர். அடுத்து, ‘பிப்’ என்னும் கருவியால் ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் தொகுப்பை நிறுவ முயன்றபோது கணினி மறுத்துவிட்டது. கணினி தன் பணிக்கென வைத்துள்ள பைத்தானில் பிறர் கைவைக்கலாகாதாம். “பொதுச் சமையற்கட்டை விட்டுத் தனியடுப்பு மூட்டிக்கொள்வோம் ஐயா” என்று தனிச்சூழல் ஒன்றை அமைத்து, அதனுள் நிறுவினார்.

சோதனையாகத் ‘தமிழ்’ என்றெழுதி நீளம் கேட்டார். பைத்தான் 5 என்றது. எமக்குச் சினம் மூண்டது. தொல்காப்பியர் வகுத்த நெறிக்கு அது மூன்றெழுத்தன்றோ! த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஒருங்குறி ஐந்தாகச் சேமிப்பதை விளக்கினார். பின்னர் ஓப்பன்-தமிழ் கொண்டு பிரித்தார்: த, மி, ழ். மூன்றே! எம்மையறியாது கைதட்டினோம்.

பின்னர் ஏடு முழுதும் மாறி வந்தது. பிழைகளும் குன்றாது வந்தன. கடைக்காரர் ‘சீராப்புராணம்’ என அடித்து, யாம் அந்நாளில் காணாது விட்ட இடங்கள் பதினொன்று. “றகரம் ஏன் ஐயா?” என்றார் மாணவர். ‘சீறத்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து தொடங்கினோம். மாலைத் தொடர்வண்டியை அவர் தவறவிட்டார்.