வெட்டக் கொடுத்த சிப்பாய்

மஃரிபுத் தொழுகை முடிந்ததும் தம்பி மகன் சதுரங்கப் பலகையுடன் வந்துவிடுவான். வில்லாபுரத்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆயினும் அவனுடைய அத்தா அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

பையனுக்கு 'ராணி கேம்பிட்' என்னும் தொடக்கத்தில் தனிப் பிரியம். ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவான். நானும் எதிரே ஒன்றை நிறுத்தினால், பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து வெட்டக் கொடுப்பான். வெட்டினால் ஒரு காய் மிச்சம்போலத் தோன்றும். ஆனால் நடுக்களத்தில் நின்ற என் சிப்பாய் ஓரத்துக்குப் போய்விடும். வெட்டுவது பிழையன்று. வெட்டியதை வைத்துக்கொள்ளப் பக்கத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாய்த் தள்ளுவதே பிழை. அணி குலைந்துவிடும். சிப்பாய்க்குத்தான் பின்வாங்கும் வழியே கிடையாதே!

அரபியில் சிப்பாய்க்குப் 'பைதக்' என்று பெயர். பண்டைய அரபு ஆட்டக்காரர்கள் தொடக்க அணிகளைத் 'தஅபியா', அதாவது படைவகுப்பு என்றே அழைத்தனர். அக்காலத்தில் பைதக் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் செல்லும். ஆதலால் அணி வகுக்க அவர்களுக்கு ஆற அமர நேரமிருந்தது.

2010 மே 11 அன்று சோபியா நகரில் நடந்த உலகப் பட்டத்தின் பன்னிரண்டாம் ஆட்டத்தை நான் அவனுக்குப் பலமுறை ஆடிக் காட்டியிருக்கிறேன். அதுவும் ராணி கேம்பிட்தான். அதுவரை புள்ளிகள் சமம். கறுப்புக் காய்களுடன் ஆடிய விசுவநாதன் ஆனந்தின் சிப்பாய்களில் இரண்டு, பக்கத் துணையின்றித் தனித்து நின்றன. பார்த்தால் நம் போன்றோர் இரங்கவே செய்வோம். ஆனால் எதிராளியான தோபலோவ் 31ஆம் நகர்வில் ஒரு சிப்பாயை வெட்டினார். ஆனந்த் இன்னொன்றையும் நீட்ட, 32ஆம் நகர்வில் அதையும் வெட்டினார். வெட்டப் புறப்பட்ட அந்தச் சிப்பாய், தம் அரசனுக்குக் காவலாய் நின்றது! மூலையில் முடங்கிக் கிடந்த ஆனந்தின் மந்திரிக்கு நெடுங்குறுக்கு வழி திறந்தது. ராணி முன்னே பாய, வெள்ளை அரசன் வெட்டவெளிக்கு விரட்டப்பட்டான். 56ஆம் நகர்வில் தோபலோவ் பணிந்தார். பட்டம் ஆனந்திடமே நின்றது.

அத்தா மௌத்தானபின் பாகம் பிரிக்கையில், "அந்த மூணடியையும் நீங்களே வச்சுக்கங்க அண்ணே" என்றான் தம்பி. அது கேம்பிட் அன்று. பேசிப் பேசி அவன் களைத்துப் போயிருந்தான். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியதோடு நில்லாமல் சுவரும் எழுப்பினேன். அவன் அடுப்படிச் சாளரத்தில் அன்று மறைந்த வெளிச்சம் இன்றுவரை திரும்பவில்லை. ஃபராயிளுப் பாடத்தில் பங்கின் பின்னங்களைப் பிழையின்றிக் கற்பிப்பவன் நான்.

சென்ற வியாழன் இரவும் பையன் சிப்பாயை நீட்டினான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஏன் பெரியத்தா, வெட்டலையா?"

"உங்க அத்தா வீட்ல இருக்காரா?" என்று கேட்டேன்.