கியர் சைக்கிளின் குறைகள்

டிசம்பர் 19, 2023, செவ்வாய்

போன் நேற்றே அணைந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பெரியவனின் ரஃப் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி வைக்காவிட்டால் எது எந்த நாள் நடந்தது என்பதே கலங்கிப்போகும்.

ஞாயிறு காலை ஆராதனைக்குக் குடையோடு போனோம். திரும்பும்போது குடையை மடக்கிவிட்டோம், பிடித்தும் பயனில்லை. ராத்திரி முழுக்க மழை நிற்கவில்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டபோது தண்ணீர் அடுப்படிக்குள் வந்திருந்தது. ஆச்சியை இவர் முதுகில் தூக்கிக்கொண்டார், பாப்பாவை நான். பெரியவன் ஸ்கூல் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

இப்போது மாடி வீட்டு அண்ணாச்சி தயவில் ஒரே ஹாலில் நாலு குடும்பம். அவருடைய பேட்டரி ரேடியோ ஒன்றுதான் வெளியுலகம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையாம். எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், ஏறக்குறைய எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்றும் கேட்டோம். “92 வெள்ளத்துல இதுல பாதி கூட இல்ல” என்று ஒரு தரமும், “92-ல இதவிட ஜாஸ்தி” என்று மறு தரமும் சொல்கிறாள் ஆச்சி. இரண்டு வாரம் முன்னால் சென்னை வெள்ளத்துக்கு என்று கோயிலில் பாயும் போர்வையும் சேர்த்து அனுப்பினோம். அதில் இரண்டு பாய் இன்று இருந்தால் உதவும்.

போன வாரம் இந்நேரம் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை சைக்கிள். 21 கியர், டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன். ஜூன் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த நோட்டின் முன்பக்கம் முழுக்க அந்த சைக்கிள்தான், பல் பல்லாக வரைந்து வைத்திருக்கிறான். பன்னிரண்டாயிரம் ரூபாய். எங்கள் அளத்து உப்பு விலை இருந்த இருப்பில் வெள்ளம் வராமலே அது ஆகிற காரியமில்லை. எப்படி இல்லை என்று சொல்வது என்று நானும் இவரும் ராத்திரி ராத்திரி பேசி, இந்த வருஷம் புதுத்துணி மட்டும், சைக்கிள் அடுத்த வருஷம், பாப்பாவுக்கு அந்தப் பெரிய கிச்சன் செட்டுக்குப் பதில் சின்னது என்று முடிவு செய்திருந்தோம். சொல்ல வேண்டிய வாசகம்கூடத் தயார். சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன். தலைவலி என்று படுத்துவிட்டேன்.

டிசம்பர் 20, புதன்

பால் இல்லை. பாப்பா கடுங்காப்பி குடிக்கக் கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் ஹெலிகாப்டர் போயிற்று. மொட்டைமாடியில் எல்லோரும் கையசைத்தோம். கிறிஸ்மஸ் தாத்தா இந்த வருஷம் அதில்தான் வருகிறார் என்று பாப்பா முடிவு செய்துவிட்டாள். மான் வண்டி தண்ணீரில் ஓடாதாம். கிச்சன் செட்டோடு ஒரு நாய்க்குட்டியும், ரோஸ் குடையும், கரண்டும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். “கரண்டு எல்லாருக்கும்மா, எனக்கு மட்டும் இல்ல” என்று விளக்கம் வேறு.

டிசம்பர் 21, வியாழன்

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கீழே போய்ப் பார்த்தோம். பிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில்தான் பண்டிகைத் துணி வைத்திருந்தேன். கதவைத் திறக்க இவர் கடப்பாரை போட வேண்டியதாயிற்று. உள்ளே சேறு, கரண்டியால் அள்ளும் பதத்தில். பாப்பாவின் சிவப்பு கவுன் சாயம் விட்டுப் பெரியவனின் வெள்ளைச் சட்டையில் முழுக்க இறங்கியிருந்தது. காலர் மட்டும் எப்படியோ வெள்ளையாக இருந்தது.

நாலு தண்ணீரில் அலசியும் போகவில்லை. அலசுகிற தண்ணீரும் சேற்றுத் தண்ணீர்தான். ஆச்சி மாடிப்படியில் உட்கார்ந்து, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ஒரே துணியில் ஒரு முழுப் பீஸ் வாங்கி வந்து ஐந்து பிள்ளைகளுக்கும் சட்டை, பாவாடை, மிஞ்சியதில் ஜன்னல் திரை தைத்த கதையைச் சொன்னாள். அப்போதெல்லாம் பண்டிகை என்றால் துணிதான், பொம்மையாவது சைக்கிளாவது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்க எரிச்சலாக இருந்தது. ஜன்னல் திரை தைத்த அப்பாவுக்கு வீட்டில் ஜன்னலாவது காய்ந்திருந்தது.

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். “பரவால்லம்மா, ரோஸ் இப்ப ஃபேஷன்” என்றான் பெரியவன். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகிறவன்.

டிசம்பர் 22, வெள்ளி

கரண்ட் வந்தது. போன் உயிர் பெற்றதும் முதல் செய்தி ஓய்வுநாள் பாடசாலை டீச்சரிடமிருந்து. மரம் உண்டா இல்லையா என்று பேச சாயங்காலம் கோயிலுக்கு வரச் சொல்லி.

எங்கள் சபையில் பண்டிகைக்கு மறுநாள் மரம். பிள்ளைக்கு வேண்டிய பரிசைத் தாய் தகப்பன் வாங்கி, பொதிந்து, பெயர் எழுதி, டீச்சரிடம் ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும். சவுக்குக் கிளையில் சின்னப் பொதிகளைக் கட்டித் தொங்கவிட்டு, பெரியவற்றை அடியில் அடுக்குவார்கள். தாத்தா வேஷம் போட்டவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நிக்கோலா பிஷப் மூன்று ஏழைப் பெண்களின் கலியாணத்துக்காக, யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் பொன் முடிப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. நாங்கள் அதை மைக் வைத்துச் செய்கிறோம்.

கோயில் ஹாலில் தாழ்வான தெருக்காரர்கள் தங்கியிருந்ததால் வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் இந்த வருஷம் மரமே வேண்டாம், அந்தப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், எனக்கு ஒரு வேலை மிச்சம். அப்போது ஏரல் பக்கத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஒருத்தி எழுந்து, “மரம் வேண்டாம்னு சொல்லாதீங்கய்யா. எம்பிள்ளைக்கு நோட்டு புஸ்தகம் எல்லாம் போயிட்டு. பேரையாவது கூப்பிடுங்க” என்றாள். சபை ஐயர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பொதி, ஒரே தாள், ஒரே விலை என்று பேச்சு திரும்பியது. ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். அவருடைய மகன் வளைகுடாவிலிருந்து பேரனுக்கு ரிமோட் கார் அனுப்பியிருக்கிறான்.

“அத வீட்டுல வச்சுக் குடுங்க அண்ணாச்சி” என்றார்கள்.

“வீட்டுல வச்சுக் குடுத்தா யாரு பாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. போன வருஷம் மரத்தடியில் பாப்பாவின் பொதி இரண்டாவது பெரிசு. முதலாவது யாருடையது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கடைசியில் ஐயர் முடித்துவைத்தார். பன்னிரண்டு வயது வரை எல்லாருக்கும் ஒரு பொதி. உள்ளே நோட்டு, பென்சில் டப்பா, ஒரு பொட்டலம் மக்ரூன். வீட்டுப் பரிசு வீட்டோடு. பேக்கரிக்காரர் முட்டையும் முந்திரியும் கிடைத்தால் மக்ரூன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ரிமோட் கார் அண்ணாச்சி அதற்குள் போய்விட்டார்.

டிசம்பர் 23, சனி

ஆச்சிக்குக் காய்ச்சல்.

டிசம்பர் 24, ஞாயிறு

காலையில் பெரியவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு இவர் அளத்தைப் பார்க்கப் போனார். பையன் வேண்டாம் என்றேன். “பாக்கட்டும்” என்றார்.

மழைக்காலத்தில் அளத்தில் உற்பத்தி இல்லை. கோடையில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, பனை ஓலை போட்டு மூடி வைத்து, விலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்பதுதான் எங்கள் பிழைப்பு. போய் வந்தவர் நேரே குளிக்கப் போய்விட்டார். பையன்தான் சொன்னான். “ஓலை இருக்கும்மா. தரையோட தரையா படுத்துக் கிடக்கு. தூக்கிப் பாத்தேன், அடியில ஒண்ணுமே இல்ல.”

ஈரத்தைக்கூட நக்கிப் பார்த்தானாம். உப்புக் கரிக்கவில்லையாம்.

மத்தியானம், “அம்மா, ஒரு டன்னுக்கு என்ன வெல?” என்று கேட்டான். அப்பாவிடம் கேள் என்றேன். நான் கணக்கு டீச்சர். அவன் எதை எதால் வகுக்கப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் பண்டிகை மாவு பிசையும்போது அவனாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தான். கியர் சைக்கிள் பார்க்கத்தான் நன்றாக இருக்குமாம். நம் ஊர் ரோட்டுக்கு 21 கியர் எதற்கு, மேடா பள்ளமா? கூடப் படிக்கிறவன் சைக்கிளில் செயின் கழன்றுகொண்டே இருக்கிறதாம். டிஸ்க் பிரேக் பழுதானால் தெருமுனைக் கடையில் பார்க்கத் தெரியாது, சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும். கடற்கரை ஊரில் எல்லாம் ஆறே மாதத்தில் துரு. ஆறு மாதமாக அதன் பெருமைகளை எப்படி வரிசை பிசகாமல் சொன்னானோ அதே வரிசையில் குறைகளையும் சொன்னான்.

நான் தயாராக வைத்திருந்த வாசகம் அப்படியே தொண்டையில் நின்றது. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். “ஒனக்கு யாருல இதெல்லாம் சொல்லச் சொன்னா?” என்று கத்திவிட்டேன். மாவுக் கையோடு அவன் எழுந்து மொட்டைமாடிக்குப் போனான். இவர் என்னைப் பார்த்தார். “அவந்தான் வேண்டாங்கானே, பின்ன எதுக்குக் கோவப்படுத?”

எதற்கு என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பாப்பா ஒருத்திதான் அசையவில்லை. கிச்சன் செட்டில் மிக்ஸி இருக்கிறதா என்று தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

ஐந்து மணி ஆராதனை. ரோஸ் சட்டை. முறுக்கு கருகிவிட்டது. சின்னக் கிச்சன் செட்டில் மிக்ஸி இல்லை. அரைமணி நேர அழுகை.

டிசம்பர் 26, செவ்வாய்

மரம் நடந்தது. சவுக்குக் கிளைக்குப் பஞ்சமில்லை, சாய்ந்து கிடந்தவையே ஏராளம். தாத்தாவின் வெல்வெட் அங்கி நனைந்து நாறியதால் யாரோ ஒருவரின் சிவப்பு நைட்டியை மேலே போட்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

பழுப்புத் தாளில் ஒரே அளவுப் பொதிகள். பெயர் மட்டும்தான் வேறு. அந்த ஏரல்காரியின் பிள்ளையைக் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை, பக்கத்துப் பையன் தள்ளிவிட்டான். பாப்பா தன் பொதியை வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, மைக் பக்கத்திலேயே நின்று, “வேற?” என்றாள். கோயிலே அதிர்ந்தது. ரிமோட் கார் அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார்.

பெரியவன் தான் பெரியவன், பெயர் வேண்டாம் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான். பன்னிரண்டு முடிய இன்னும் மார்ச் வரை இருக்கிறது. டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட்டார், போய் வாங்கினான். மக்ரூன் பொட்டலத்தைப் பாப்பாவிடம் கொடுக்கப்போனவனை, “அது ஒனக்கு. நீயே தின்னு” என்று தடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவன் தின்கிறவரை நின்றேன்.

டிசம்பர் 30, சனி

நிவாரணத்துக்கு டோக்கன். அதிகம் பாதித்த பகுதிகளுக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களுக்கு 1,000. எங்களுக்கு ஆறாயிரம். இவர் அதை ஏற்கெனவே வரப்புக்கும் மோட்டாருக்குமாகச் செலவழித்துவிட்டார், வாயால்.

ஜனவரி 3, 2024, புதன்

வீட்டில் இன்னும் சேற்று வாடை. பினாயில் போட்டால் பினாயிலும் சேறுமாக ஒரு வாடை.

ஜனவரி 9, செவ்வாய்

வெள்ளத்தில் நனைந்த சைக்கிள்களை ஒரு கடையில் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று மாடி வீட்டு அண்ணாச்சி சொன்னார். இவரிடம் சொல்லவில்லை. டியூஷன் பணம் கொஞ்சம் இருந்தது. காய் வாங்கப் போகிறாற்போலப் பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கறுப்பில் ஒன்று, நோட்டில் இருப்பது மாதிரியே, 21 கியர். கம்பிகளில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு. அவன் உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றினான். காதை வைத்துக் கேட்டான். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டான். “பேரிங்ல மண்ணு போயிருக்கும்மா. கியர் வயர் உள்ள துரு. இத வாங்கினா சரிபண்ணவே ரெண்டாயிரம் ஆயிரும். வேண்டாம்” என்றான்.

இந்த முறை சொன்ன குறை நிஜமா, அன்றைக்கு மாதிரியா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் ஹேண்டிலை இன்னும் விடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “பையன் சொல்லுதது சரிதான்க்கா. ஆனா ஓவராயில் பண்ணினா ஓடும்” என்றார். விற்கிறவர் சொல்வதை எவ்வளவு நம்புவது?

சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வருகையில் பேச்சே இல்லை. கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டோம் என்று வீட்டு வாசலில் வந்துதான் அவனுக்கு நினைவு வந்தது.