பிரேக்குக்கு பெரிய காலிபர் போட்ட கதை

அறுவடை நேரத்துல எங்க ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டினவங்களுக்கு இது உடனே புரியும். நவரை அறுவடை முடிஞ்சா உத்திரமேரூர் சுத்துப்பட்டுல பாதி ரோடு நெல்லுக்குத்தான் சொந்தம். களம் இல்லாத ஊர்ல தார் ரோடுதான் களம். நெல்லைப் பரப்பி, ஓரமா கல்லு அடுக்கி, ரெண்டு முள்ளுக்கிளையை வெட்டிப் போட்டுருவாங்க. மிச்சப் பாதியில பஸ்ஸு, டிராக்டரு, குவாரி லாரி, நாம எல்லாரும் போய்க்கணும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, வருஷம் பூரா பாடுபட்டது ஈரமா கெடக்குதே.

போன வருஷம் ஏப்ரல் கடைசி. மானாம்பதி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றோம். அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல உக்காந்து மொபைலை நோண்டிக்கிட்டு இருக்கேன். ஒரு அம்மா நெல்லைக் காலால துழாவிக்கிட்டே பின்னாடி நகர்ந்து ரோட்டுக்கு வந்துட்டாங்க. "அப்பா!"ன்னு கத்தினேன். வண்டி உடனே நிக்கல. கல்லு ரெண்டைத் தட்டிட்டு, நெல்லு மேல சறுக்கி, அந்த அம்மாவுக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. அவங்க திட்டின திட்டு எதையும் இங்க எழுத முடியாது. அப்பா இறங்கி கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கால்லதான் செருப்பு இருந்துச்சு. பதட்டத்துல கழண்டிருக்கும்னு நெனைச்சேன்.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் யாரும் பேசல. வந்து தண்ணி குடிச்சிட்டு அப்பா சொன்னது ஒண்ணுதான். "பிரேக்கு சரியா புடிக்கலடா."

படிச்சது மெக்கானிக்கல், குப்பை கொட்டறது சாஃப்ட்வேர்ல. இந்த மாதிரி ஆளுக்கு இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்குமா? நாலு வருஷம் படிச்சதை ஒரு தடவையாவது உபயோகப்படுத்தணும்ல. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க், பெரிய காலிபர்.

வண்டி பேரு வேண்டாம், தப்பு அது மேல இல்ல. 12 இஞ்ச் சக்கரம், முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம். நாட்டுல பாதிப் பேர் வீட்டுல நின்ன மாதிரி ஒரு சின்ன கார். 2019 ஏப்ரல்ல இருந்து எல்லாப் புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம் ஆச்சு, இது அதுக்கு முந்தினது.

மறுநாள் விடிகாலை ஏரிக்கரைக்குக் கீழ ஆளில்லாத ரோட்டுல சாக்பீஸ், டேப்போட போனேன். 60 கிலோமீட்டர் வேகத்துல கோடு வந்ததும் ஒரே மிதி. 26 மீட்டர். கணக்கு என்ன சொல்லுதுன்னா, காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வு 0.7-ன்னு வச்சுக்கிட்டா 20 மீட்டர்ல நிக்கணும். 6 மீட்டர் துண்டு விழுது. பார்த்தீங்களா, பிரேக் வீக்கு! ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. பக் கிடைச்ச சந்தோஷம்.

காலிபர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடு வச்சு கவ்வுற இடுக்கிதான் காலிபர். நீங்க பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ஆயில் அழுத்தமா வந்து காலிபர் உள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பரப்பு கூடினா கவ்வுற பலம் கூடும். 48 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதிலா 54 போட்டா அதே மிதிக்கு 27 சதவீதம் அதிக பலம். டிஸ்க் பெருசானா நெம்புகோல் மாதிரி அதுலயும் கொஞ்சம் லாபம். எக்செல் ஷீட்டெல்லாம் போட்டேன், ரொம்ப அழகா வந்துச்சு.

அந்த ஷீட்டுல ரெண்டு விஷயம் எழுதாம விட்டுட்டேன். பிஸ்டன் 27 சதவீதம் பெருசுன்னா அதை அதே தூரம் நகர்த்த 27 சதவீதம் அதிக ஆயில் தேவை. மாஸ்டர் சிலிண்டர் பழசாவே இருந்தா பெடல் இன்னும் ஆழமா போகணும். இன்னொண்ணு, காலிபர் டிஸ்க்கைத்தான் நிறுத்தும். காரை நிறுத்தறது டயர். உள்ளங்கை அகலத்துக்கு ரோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கிற நாலு ரப்பர் துண்டு. அதோட பிடிப்புக்கு மேல பிரேக் போட்டா சக்கரம் சுத்தாம சறுக்கும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை புதுப்பேட்டை. அங்க போனவங்களுக்குத் தெரியும், கார்ங்கறது எத்தனை துண்டுன்னு வரிசையா பிரிச்சு வச்சிருப்பாங்க. அதே கம்பெனியோட பெரிய மாடல் காலிபர் ஒரு ஜோடி, நக்கிளோட கிடைச்சுது. பெரிய டிஸ்க்கு 12 இஞ்ச் சக்கரத்துக்குள்ள அடங்காது, அதனால 13 இஞ்ச் சக்கரம் ரெண்டு, அதுலயே பழைய டயரும். டிஸ்க்கும் பேடும் மட்டும் புதுசு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வாங்கினேன். மொத்தம் 28,400 ரூபா. அப்பாகிட்ட பாதிதான் சொன்னேன். எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில்ல பராந்தக சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டு இருக்கே, அதுல 921-ஆம் வருஷமே எழுதி வச்சுட்டாங்க, வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னு. நான் எப்படியும் நிக்க முடியாது, அதே கல்வெட்டுல 35 வயசு ஆகியிருக்கணும்னும் இருக்கு. ஹி ஹி.

நம்ம மெக்கானிக் அண்ணன் சாமானைப் பார்த்ததும் சொன்னார்: "இன்னா தம்பி, கொல்லிமலைக்கா போவப் போறீங்க?"

அந்தக் கேள்வியிலயே பதில் இருந்துச்சு, எனக்குத்தான் ஏறல. பெரிய பிரேக்கோட உண்மையான பலன் சூட்டைத் தாங்கறது. ஆளோட சேர்த்து 900 கிலோ வண்டி 60-ல இருந்து நிக்கும்போது 125 கிலோ ஜூல் சக்தி பிரேக்ல சூடா மாறுது. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலையில இறங்கினா அது திரும்பத் திரும்ப ஏறி, பேடு பிடிப்பு விடும், ஆயில் கொதிக்கும். அங்க பெரிய டிஸ்க் சாமி மாதிரி. உத்திரமேரூர்ல இருக்கிற ஒரே இறக்கம் ஏரிக்கரை.

மூணு நாள் மல்லுக்கட்டி மாட்டினார். ஏர் எடுத்து முடிச்சதும் திரும்ப சாக்பீஸ், டேப்பு. பெடல் பஞ்சு மாதிரி அரை அடி உள்ள போகுது. அப்புறம் திடீர்னு முன் சக்கரம் ரெண்டும் லாக் ஆகி கிறீச்னு சறுக்குது. 29 மீட்டர். காசு செலவழிச்சு 3 மீட்டர் கூட்டி வச்சிருக்கேன்!

தலையில கை வச்சு உக்காந்தேன். அண்ணன் சிரிக்கல, அது வரைக்கும் சந்தோஷம். "இப்பவாச்சும் பழசைப் பாக்கலாமா?"ன்னார். பழைய காலிபரைக் கையில எடுத்தார். அது ரெண்டு பின் மேல வழுக்கி நகர்ற டைப்பு, ஒரு பின் துரு ஏறி இறுகிப் போயிருந்துச்சு. உள்பக்கப் பேடு தேஞ்சு போச்சு, வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. பின்னாடி ட்ரம்மைக் கழட்டினா வீல் சிலிண்டர் கசிஞ்சு லைனர் பூரா ஆயில். அதாவது பின் பிரேக்கே கிடையாது. டேங்க்ல இருந்த பிரேக் ஆயில் காப்பி டிகாஷன் நிறம். இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்குக் குறையாம தாங்கணும், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கிடும். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. நாங்க மாத்தினதா ஞாபகமே இல்ல. டயருக்கு எட்டு வயசு, பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, ரப்பர் கட்டை மாதிரி ஆயிடுச்சு.

எல்லாத்தையும் கழட்டிட்டு பழையபடி மாட்டினோம். பின்னுக்கு கிரீஸ், வீல் சிலிண்டர், லைனர், பேடு, புது ஆயில், நாலு டயர். 60-ல இருந்து 21 மீட்டர். (சட்டப்படியும் இதுதான் நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சு.)

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நானும் சந்தோஷமா முடிச்சிருப்பேன்.

வண்டியைத் துடைச்சுக்கிட்டே அண்ணன் கேட்டார், "அப்பா கால்ல எதாச்சும் பிரச்சினையா தம்பி?" பிரேக் பெடல் ரப்பரைக் காட்டினார். இடது பாதி வரி வரியா புதுசு மாதிரி இருக்கு. வலது ஓரம், ஆக்சிலேட்டர் பக்கம், வழவழன்னு தேஞ்சு இரும்பு தெரியுது.

1996-ல மெர்சிடிஸ் பென்ஸ் பிரேக் அசிஸ்ட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ஆபத்துன்னா பெரும்பாலானவங்க சட்டுனு பிரேக்கைத் தொட்டுடறாங்க, ஆனா முழு பலத்தோட மிதிக்கறதில்லன்னு சிமுலேட்டர்ல கண்டுபிடிச்சு, பாக்கியை வண்டியே போடற மாதிரி பண்ணினாங்க. காலிபர் தேடின ராத்திரியே இதைப் படிச்சேன். படிச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். ஆபீஸ்ல ஜூனியர் பசங்ககிட்ட தினம் சொல்ற டயலாக், "யார் கையில பிரச்சினை வந்துச்சோ அவங்க கையிலயே திரும்ப வரவச்சுப் பாரு." இங்க நான் ஓட்டிப் பார்த்தேன், அண்ணன் ஓட்டிப் பார்த்தார். அப்பாவை ஓட்டச் சொல்லிப் பார்க்கவே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில அவரையும் அதே ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். 40 வேகம். "நிறுத்துங்க"ன்னதும் நிறுத்தணும். முதல் தடவை நல்லா நின்னுச்சு. ரெண்டாவதும் சரி. மூணாவது தடவை எஞ்சின் உறுமுது, வண்டி போய்க்கிட்டே இருக்கு. கால் ரெண்டு பெடலையும் சேர்த்து அமுக்கிக்கிட்டு இருக்கு, அவருக்குத் தெரியல. 40-ல ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகும். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"புது டயரு இல்லடா, அதான் வழுக்குது"ன்னார். நான் ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு பார்த்தேன். வலது கால் செருப்பு கழண்டு சீட்டுக்குக் கீழ கெடந்துச்சு.

அப்பாவுக்கு 61 வயசு, 15 வருஷமா சுகர். ஆஸ்பத்திரியில டாக்டர் கண்ணை மூடிக்கச் சொல்லி, மெல்லிசா ஒரு நைலான் இழையை உள்ளங்கால்ல அங்கங்க குத்தினார். தொடும்போது சொல்லணும். குதிகால்ல "ஆங்"ன்னார். கட்டைவிரல்ல வச்சு இழை வளையற வரைக்கும் அழுத்தினார். அப்பா கண்ணை மூடிக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தார். "இன்னும் வைக்கலீங்களா?"ன்னு கேட்டார்.

செருப்பு கழண்டா தெரியாம போறது நெறைய பேருக்கு இருக்கிற அறிகுறிதானாம். ரெண்டு வருஷமா வீட்டுல அதை வச்சு அவரைக் கிண்டல் பண்ணியிருக்கோம்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் வலது காலை மேட்டுல அமுக்கிக்கிட்டு வந்தார். ஊர் எல்லை வந்தப்ப, "வந்தவாசி பஸ்ஸு எத்தனை மணிக்குடா?"ன்னார். சாவியை அவரேதான் எடுத்து சாமி ரூம் ஆணியில மாட்டினார். அம்மா எதுவும் கேக்கல.

அந்தக் காலிபர் ரெண்டையும் புதுப்பேட்டையில திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்து வச்சிருந்தேன். இந்த வருஷம் நவரைக்கு ஊருக்குப் போனா காணோம். வாசல்ல நெல்லு மேல போர்த்தின படுதா காத்துல பறக்காம இருக்க நாலு மூலைக்கும் வெயிட்டு வச்சிருக்கார். ரெண்டு மூலையில செங்கல், ரெண்டு மூலையில காலிபர்.

"நல்லா புடிக்குதுடா"ன்னார்.