பாளையைத் தினமும் சீவணும்

போன மாசம் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த என் தங்கச்சி மகன் ஒரு கேள்வி கேட்டான். பையன் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னான்: "மாமா, சின்னப் பிள்ளையில கேட்ட அதே கெட்ட குமாரன் கதையத்தான் இன்னைக்கும் ஐயர் சொன்னாவ. தெரிஞ்ச கதைய எத்தன தடவ மாமா கேக்குறது?"

பட்டணத்துக்காரங்க குழம்ப வேண்டாம். எங்க பக்கத்து சி.எஸ்.ஐ. ஊர்களில் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். சபைக் குருவானவர் எங்களுக்கு ஐயர். எங்க ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவுல, தேரிக்காட்டு ஓரம். செம்மணல், பனை, கொஞ்சம் முருங்கை, தென்னை. அவ்வளவுதான் ஊர்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அதை நினைச்சா எனக்கு எங்க அப்பாதான் ஞாபகத்துக்கு வர்றாங்க. அப்பா பனையேறி. சீசனில் நாற்பது பனை ஏறுவாங்க.

பதனி எப்படி வருதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. பனையில பாளை விட்டதும் அதை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டித் தொங்கவிடணும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதனி. தடவலைன்னா கள். ஒரு தடவை சீவிட்டா சீசன் முழுக்க ஊறிக்கிட்டே இருக்கும்னு நினைச்சா அது தப்பு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரம் ஏறி, பாளை நுனியை மெல்லிசா ஒரு சீவு சீவணும். சீவாம விட்டா வெட்டு வாய் காஞ்சு அடைச்சுக்கும். சொட்டு நின்னுடும். மரத்துக்குள்ள சாறு இருக்கத்தான் செய்யும், ஆனா வெளிய வர வழி இருக்காது.

மனுசன் மனசும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன். நற்செய்தியை ஞாயிறு பள்ளியில கேட்டோம், மனப்பாடம் பண்ணினோம், பரிசா பேனா வாங்கினோம். எல்லாம் உள்ளதான் கிடக்கு. ஆனா நாலு வருசம் காதுல விழலைன்னா அந்த வெட்டு வாய் காஞ்சுபோகுது. கதை தெரியும். கதை நம்மள ஒண்ணும் செய்யாது.

அப்பா படிச்சது மூணாங்கிளாஸ். வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாங்க. ஆனா மலைப்பிரசங்கம் முழுசும் அவங்களுக்குத் தெரியும். எல்லாம் காதால கேட்டது. ஐயருக்குப் பல ஊர்ச் சபைகளைப் பாக்கணும். ஊருக்குள்ளேயே இருந்தது உபதேசியார்தான். அவர் சாயங்காலம் எங்க விடிலிக்கு வருவார். விடிலின்னா பதனி காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஓலைக் குடிசை. அடுப்புல பெரிய தாச்சியில பதனி கொதிக்கும். அம்மா துடுப்பால கிண்டிக்கிட்டே இருப்பாங்க, கை நிறுத்த முடியாது. உபதேசியார் ஒரு பகுதியைச் சொல்லுவார். சொல்லிட்டு, "அப்ப ஆண்டவர் என்ன செஞ்சாரு?"ன்னு கேட்பார். அம்மா கிண்டிக்கிட்டே பதில் சொல்லுவாங்க. மறுநாள் வந்து புதுசா ஒண்ணு சொல்றதுக்கு முன்னால நேத்து சொன்னதை மறுபடியும் கேட்பார். எழுத்து தெரியாத எங்க அம்மா அப்படித்தான் வேதம் படிச்சாங்க.

இருட்டு விலகுறதுக்கு முன்னாலயே அப்பா அரிவாப்பெட்டியை இடுப்புல கட்டிக்கிட்டுக் கிளம்புவாங்க. ஒவ்வொரு பனை மூட்டுலயும் ஒரு நொடி நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறுவாங்க. ஏறினவன் இறங்குவான்னு நிச்சயம் இல்லாத தொழில் அது. எனக்கு விவரம் தெரிஞ்சு எங்க ஊர்ல மூணு பேர் பனையிலேருந்து விழுந்து போயிருக்காங்க. பதனி சீசன் கோடை. அடிக்கிற காத்துல உச்சியில பனை ஆடும். அங்க நிக்கிற ஆளுக்கு 23-ஆம் சங்கீதம் தெரிஞ்ச பாட்டாத் தோணாது. நேத்து சாயங்காலம் கேட்டது இன்னைக்குக் காலையில வேணும். அதனாலதான் அந்தத் தலைமுறை 'இதுதான் தெரியுமே'ன்னு சொல்லலை.

'கேள்வி'ங்கிற வார்த்தையையே பாருங்க. இன்னைக்கு நாம 'கேள்வி கேட்டான்'னுதான் அதிகமாச் சொல்றோம். ஆனா திருக்குறள்ல 42-ஆவது அதிகாரத்துக்குப் பேரே 'கேள்வி'. அங்க அதுக்குக் காதால கேட்டு அறியறதுன்னு அர்த்தம். பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்துல, 10-ஆம் அதிகாரத்துல, விசுவாசம் எதனால வருதுன்னு சொல்ற இடத்துலயும் நம்ம பழைய தமிழ் வேதாகமம் இதே வார்த்தையைத்தான் போட்டிருக்கு. வாசிப்புன்னு போடலை. அதுவும் அந்த இடத்துல பவுல் அடுக்கிக்கிட்டே போறாரு. கேட்கலைன்னா எப்படி நம்புவாங்க, சொல்ற ஆள் இல்லைன்னா எப்படிக் கேட்பாங்கன்னு. கேக்குறதும் சொல்றதும் அங்க ஒரே கயித்துல ரெண்டு முனை.

எங்க தேரிக்காட்டுக்கு இந்தச் செய்தி வந்ததும் அப்படித்தான். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்ததும், அவங்க அச்சாபீசுல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சானதும் எல்லாருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில குளோரிந்தா அம்மா கட்டின கோயில் 1785-இல் வந்தது. ஆனா எங்க பக்கத்துக் காட்டுக்குள்ள அதைக் கொண்டு வந்தது வெள்ளைக்காரர் இல்லை. சாத்தான்குளம் வட்டாரத்துலயே பிறந்த தாவீது சுந்தரானந்தம். அவர் வெளியூர் போய்க் கேட்டு, விசுவாசியாகி, திரும்பி வந்து தன் சொந்தக்காரங்ககிட்டதான் முதல்ல சொன்னார். நம்பினவங்களுக்கு அடியும் தொந்தரவும் வந்தப்ப அவங்களைக் கூட்டிக்கிட்டு 1799-இல் ஒரு ஊரை உண்டாக்கினார். அதுதான் முதலூர். கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841-இல். அதுக்கு நாற்பது வருசத்துக்கு முன்னாலயே, எங்க பேச்சுல, எங்க ஆள் ஒருத்தர் சொல்லி எங்க ஆளுங்க கேட்டிருக்காங்க.

கேட்டவங்க அதோட நிறுத்தலை. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவங்க சேர்ந்து இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க. தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல் பக்கம், ஆள் அனுப்பினாங்க. அந்தச் சங்கத்தைத் தொடங்கினதுல முக்கியமானவர் வேதநாயகம் அசரியா. நம்ம வெள்ளாளன்விளைக்காரர். 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர் அவர்தான். எங்க அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்துல போடுவாங்க. அது ஊழியத்துக்கு. வீட்டுல கஞ்சி தண்ணியா இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி நிக்கலை.

சரி, கெட்ட குமாரன் கதைக்கு வாரேன்.

எங்க தெருவுல அண்ணன் தம்பி ரெண்டு பேர். வேலி ஓரத்துல நிக்கிற நாலு பனை யாருக்குன்னு சண்டை. ஒன்பது வருசம் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலுக்கு ரெண்டு பேரும் தவறாம வருவாங்க. ஒருத்தர் வடக்கு வாசல், இன்னொருத்தர் தெற்கு வாசல். லூக்கா 15-ஆம் அதிகாரத்தை ரெண்டு பேரும் எத்தனை தடவை கேட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்லை.

ஒரு லெந்து காலத்துல எங்க வீட்டு முற்றத்துல ஜெபக்கூட்டம். அதே பகுதியை வாசிச்சாங்க. கதையில இளையவன் திரும்பி வந்துட்டான். விருந்து நடக்குது. மூத்தவன் வயல்ல இருந்து வர்றான், ஆட்டம் பாட்டுச் சத்தம் கேட்குது, கோபத்துல வீட்டுக்குள்ள போகமாட்டேன்னு வெளியவே நிக்கிறான். அப்பா வெளிய வந்து அவனைக் கெஞ்சிக் கூப்பிடுறார். கூட்டம் கலைஞ்ச பிறகும் அந்த அண்ணாச்சி திண்ணையிலேயே உக்காந்திருந்தாவ. கடைசியா என்கிட்ட சொன்னாவ: "தம்பி, அந்த மூத்தவன் வயக்காட்டுலேருந்துல்லா வாரான். உழைச்சுக் களைச்சு வாரவன். இத்தன வருசமா அது என் காதுல விழலயே. நான் ஓடிப்போன சின்னவன் கதைன்னுல்லா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் காலையில ஒரு கலயம் பதனியைத் தூக்கிக்கிட்டுத் தம்பி வீட்டு வாசல்ல போய் நின்னாவ. உடனே எல்லாம் சரியாகிடலை. நாலு பனை விவகாரம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா தம்பி மகள் கல்யாணத்துல முன்னால நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டது அவங்கதான்.

அந்தக் கதையில மூத்தவன் கடைசியில உள்ள போனானா இல்லையான்னு இயேசு சொல்லவே இல்லை. அப்பா பேசுறதோட கதை நிக்குது. மிச்சத்தைக் கேக்குறவன்தான் முடிக்கணும். ஒன்பது வருசம் கழிச்சு ஒருத்தர் முடிச்சார். அந்த ராத்திரி 'தெரிஞ்ச கதைதானே'ன்னு அவர் வீட்டுல படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? தங்கச்சி மகன்கிட்ட இதைத்தான் சொன்னேன். கதை பழசுதான், கேக்குற நீ போன வருச ஆள் இல்லைலே.

எங்க பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க. 86 வயசு. கண் பார்வை போயிட்டு. பிள்ளைங்க எல்லாம் வெளியூர். மாட்டுல பால் கறந்த பிறகு தினமும் போய் ஒரு அதிகாரம் வாசிச்சுட்டு வருவேன். அநேகமா யோவான், இல்லைன்னா சங்கீதம். "பெரியம்மா, உங்களுக்குத்தான் இது பாராமத் தெரியுமே"ன்னு ஒருநாள் சொன்னேன். "நேத்து கஞ்சி குடிச்சேன்னு இன்னைக்குக் குடிக்காம இருக்க முடியுமாய்யா?"ன்னாங்க. காலையில பால் வாங்க வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட, நான் ராத்திரி வாசிச்சதை அவங்க சொல்லிக்கிட்டு இருப்பாங்க. நடக்க முடியாத, பார்க்க முடியாத அந்தம்மா வாங்கினதை அன்னன்னைக்கே கொடுத்துடுறாங்க.

இந்த ஆடியிலேருந்து அவங்களுக்கு மூச்சு வாங்குது. நாலு வசனத்துக்கு மேல கேட்க முடியலை. நான் ஆரம்பிச்சா உதடு மட்டும் கூடவே அசையுது. அந்த நிலைமையில புதுசா எதையும் உள்ள போட முடியாது. எண்பது வருசமாக் கேட்டதுதான் இப்ப அவங்களைத் தாங்குது.

சொல்றது பத்தி ஒண்ணு சொல்லணும். சுவிசேஷம் சொல்றதுன்னதும் பட்டணத்துல சிலர் முகம் சுளிப்பாங்கன்னு தெரியும். ஒலிபெருக்கியை உச்சியில கட்டி ஊரையே எழுப்புறது எனக்கும் பிடிக்காது. என் பக்கத்துத் தோட்டக்காரர் இந்து. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வந்து, அங்க நடந்ததையெல்லாம் என்கிட்ட சொல்லுவார். நானும் கேட்பேன். என் வீட்டுக்காரி பெரிய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, 17 நாள் என் முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சினது அவர்தான். திரும்பி வந்த பிறகு வரப்புல உக்காந்து கேட்டார்: "அண்ணாச்சி, அந்த நாளெல்லாம் எப்படித் தூங்குனிய?"

அப்ப எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். மாற்கு 4-ஆம் அதிகாரத்துல படகு முழுகப்போகுது, சீஷர்கள் அலறுறாங்க, அதே படகுல இயேசு தலையணை வச்சுத் தூங்குறார். ஆஸ்பத்திரி வராண்டாவுல எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது, அவர் அதே படகுலதான் இருக்கார்ங்கிறது. அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி"ன்னார். இன்னைக்கும் அவர் சாஸ்தா கோயிலுக்குப் போறார். எங்க பழக்கத்துல ஒரு குறையும் இல்லை. அதே அதிகாரத்துல விதைக்கிறவன் உவமையும் இருக்கு. விதைச்சவன் ராத்திரி எழுந்து போய் மண்ணைத் தோண்டிப் பாக்குறதில்லை. சொல்றது என் பங்கு. முளைக்க வைக்கிறது என் கையில இல்லை. ஆனா கேட்டவருக்குச் சொல்லாம இருந்திருந்தா, எனக்குக் கிடைச்சதை ஒளிச்சு வச்ச மாதிரி ஆகியிருக்கும்.

காலையில வாட்ஸ்அப்புல ரோஜாப்பூ படம் போட்டு வசனம் வருது. தப்பு சொல்லலை. ஆனா அது உங்ககிட்ட திருப்பி ஒண்ணும் கேட்காது. உபதேசியார் கேட்ட மாதிரி ஒரு ஆள் கேட்கணும், நீங்க வாய் திறந்து பதில் சொல்லணும். அதனால நேரம் இல்லைன்னு சொல்ற தம்பி தங்கச்சிமாருக்கு ஒண்ணே ஒண்ணு. ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிசம், வீட்டுல ஒருத்தர் சத்தமா வாசிங்க. போனைப் பாத்து மனசுக்குள்ள வாசிக்க வேண்டாம். மத்தவங்க கேக்கட்டும். முடிஞ்சதும் பிள்ளைங்ககிட்ட, "அப்ப அவரு என்ன செஞ்சாரு?"ன்னு கேளுங்க. ஊர்ல கண்ணு தெரியாத அம்மாவோ ஆச்சியோ இருந்தா, போன்ல கூப்பிட்டு ஒரு சங்கீதம் வாசிச்சுக் காட்டுங்க. அவங்களுக்கு நீங்க அனுப்புற பணத்தைவிட அது கூடப் பிரயோஜனப்படும்.

உங்க வீட்டுல முதல்ல உங்களுக்கு இதைச் சொன்னது யாரு? அப்பாவா, ஆச்சியா, ஞாயிறு பள்ளி அக்காவா? எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கு. எனக்கு முருங்கைக்கு மோட்டார் போடுற நேரம் ஆச்சு. கரண்டு இருக்கும்போதே போகணும்.